அன்றைக்கு விழாத பாறை

ஒரு பாறை சொன்ன நாளில் விழவில்லை என்று ஒரு மனுஷிக்குத் தண்டனை கொடுத்த கல்லூரியில் நான் பஸ் ஓட்டுகிறேன். ஏழு வருடமாக இது என் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. சிவில் படிக்கிற பிள்ளைகளுக்கு எரிமலைப் பாறை காட்ட வருடா வருடம் அதே மலைக்கு நான்தான் வண்டி ஓட்டுகிறேன். அந்த வளைவில் கியரை இறக்கும்போதெல்லாம் வாயில் வசவுதான் வருகிறது. யாரைத் திட்டுகிறேன் என்பது வருடத்துக்கு வருடம் மாறும். அதில் என் முறையும் வரும்.

அந்த மனுஷி என் அண்ணன் மனைவி. போன வருடம் காலமாகிவிட்டார். கல்லூரியில் இரங்கல் கூட்டம் போட்டு, "அர்ப்பணிப்புள்ள ஊழியர்" என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். சொன்ன வாய் முன்னால் என்ன சொல்லியிருந்தது என்று எனக்குத் தெரியும். கேட்டுக்கொண்டிருக்கப் பிடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன். அவரைப் பற்றி நானே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் எழுத்து இது. கோணலாக இருந்தால் படிக்கிறவர்கள் நிமிர்த்திக்கொள்ளுங்கள்.

அண்ணிக்கு உத்தியோகப் பெயர் ஆய்வக உதவியாளர். பிள்ளைகள் வைத்த பெயர் சுத்தியலக்கா. மாடிப்படிக்குப் பின்னால் ஒரு நீள அறை, அதுதான் கல் ஆய்வகம். சுவர் முழுக்க மரத் தட்டுகள், தட்டு நிறையக் கல். ஒவ்வொரு கல்லின் அடியிலும் வெள்ளைப் பெயின்டில் ஒரு பொட்டு, பொட்டுக்குள் கறுப்பு மையில் எண். கட்டடம் கட்டப்போகிறவனுக்கும் பாலம் போடப்போகிறவனுக்கும் காலுக்குக் கீழே என்ன பாறை இருக்கிறது என்று தெரிய வேண்டும் அல்லவா, அதற்காக அவர்களுக்கு ஆறு மாதம் இந்தப் பாடம். அவர்கள் படிப்பதோ எண்ணைத்தான். பதினேழு என்றால் பசால்ட், இருபத்திரண்டு என்றால் நுரைக்கல். எண்ணை மறைத்துவிட்டால் பசால்ட்டும் தார்க்கட்டியும் அவர்களுக்கு ஒன்றுதான்.

அண்ணி படித்தது பத்தாவது. வந்த புதிதில் கல்லைத் துடைத்து வைப்பதுதான் வேலை. துடைத்தார், கழுவினார், உடைத்தார், தூக்கிப் பார்த்தார், வெயிலில் திருப்பிப் பார்த்தார். இருபது வருடம் ஒரே வேலையைக் கவனமாகச் செய்தால் கைக்கே கண் வந்துவிடும் போலிருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு கனத்தை வைத்தே கல்லின் பெயரைச் சொல்வார். வீட்டில் கூட எதையாவது தட்டிப் பார்த்துக்கொண்டேதான் இருப்பார். அண்ணன் கைக்கடிகாரம் பழுது பார்க்கிறவர். அவர் ஒரு நாள், "ஏண்டி, என் மண்டையத் தட்டிப் பாக்குறியா, என்ன கல்லுன்னு சொல்லுவியா?" என்றார். "தட்ட வேணாங்க. பாத்தாலே தெரியுது," என்றார் அண்ணி.

பிறகு துறைக்குப் புதுத் தலைவர் வந்தார். படித்த மனிதர், சுவரில் மாட்ட இடமில்லாத அளவுக்குப் பட்டம். அந்த வருடச் செய்முறைத் தேர்வில்தான் வினை ஆரம்பித்தது. பொட்டெல்லாம் அழுக்காகிவிட்டது என்று அண்ணி முந்தின நாள் ஒரு தட்டு முழுக்கக் கல்லைக் கழுவிப் பெயின்டைச் சுரண்டி வைத்திருந்தார். மறுநாள் காலையில் எழுதிவிடலாம் என்று கணக்கு. வெளியூர்த் தேர்வாளர் சொன்ன நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால் வந்து நின்றார். தலைவர் அவருக்குக் காட்டுவதற்காகப் பந்தாவாக ஒரு கல்லை எடுத்தார். திருப்பினார். மறுபடி திருப்பினார். எண்ணைத் தேடுகிறார் என்று கடைசி வரிசைப் பிள்ளைக்குக் கூடத் தெரிந்துவிட்டது. கதவருகே நின்ற அண்ணி, "அதோட பேரு மூஞ்சியிலதான் சார் எழுதியிருக்கு, முதுகுல இல்ல," என்றார்.

தேர்வாளர் சிரித்துவிட்டார். தலைவரும் சிரித்தார். ஆனால் அந்தச் சிரிப்பு கண் வரைக்கும் போகவில்லை என்று அண்ணியே வீட்டில் வந்து சொன்னார்.

இனி மலைக்கு வருகிறேன். கல்லூரியிலிருந்து ஒன்றரை மணி நேரம். சாலை போடுவதற்காக ஒரு மலையை நடுவில் அறுத்திருக்கிறார்கள். அறுத்த முகத்தில் எரிமலை ஓடின கதை அப்படியே தெரியும். கீழே ஒரு கறுப்புப் படிவம், மேலே ஒரு கறுப்புப் படிவம், இரண்டும் பசால்ட். மேலே இருப்பது பென்சில்களைக் கட்டி நிறுத்தி வைத்த மாதிரி தூண் தூணாக வெடித்து நிற்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு முழ அகலத்துக்குச் சிவப்பாக ஒரு வரி. முதலில் ஓடின குழம்பு ஆறி, அதன் மேல் மண் படிந்து கிடக்கும்போது அடுத்த குழம்பு வந்து அந்த மண்ணைச் சுட்டுவிட்டுப் போயிருக்கிறது. தண்ணீர் பட்டால் அந்தச் சிவப்பு வரி களியாகக் குழையும். மேலே நிற்கிற தூண்களுக்கு அதுதான் காலடி.

அண்ணி அங்கே ஒரு வழக்கம் வைத்திருந்தார். யாரும் சொல்லி வந்ததல்ல. பஸ் நின்றதும் அவர் மட்டும் முதலில் இறங்குவார். கையில் நீளக் காம்பு போட்ட சுத்தியல். பாறை அடிவாரத்தோடு நடந்து, கை எட்டுகிற தூணையெல்லாம் ஒவ்வொன்றாகத் தட்டுவார், காதைக் கிட்டே வைத்துக்கொண்டு. உடம்போடு ஒட்டியிருக்கிற பாறை மணி மாதிரி 'ணங்' என்னும். உள்ளே விட்டுப்போன பாறை 'தொப்' என்னும். கடைசி வரை தட்டிவிட்டுக் கையைத் தூக்கினால்தான் பிள்ளைகள் இறங்கலாம். "தட்டாம ஒருத்தர் வீட்டுக்குள்ள போவோமா?" என்பார்.

அந்த வருடம் நான்கு நாள் விடாத மழை. ஐந்தாம் நாள் வெயில் அடித்தது, கிளம்பிவிட்டோம். அடுத்த வாரம் கல்லூரிக்கு ஆய்வுக்குழு வருகிறது. களப்பயணப் படம் ஒன்று கட்டாயம் வேண்டும். தலைவர் அதற்கென்றே பத்தடி நீளத்துக்குப் பேனர் அடித்து வைத்திருந்தார். தூண்களுக்குக் கீழே நாற்பத்திரண்டு பிள்ளைகளும் பேனரைப் பிடித்து நிற்க வேண்டும், நடுவில் அவர்.

அண்ணி இறங்கித் தட்ட ஆரம்பித்தார். நான் டயரைப் பார்க்க இறங்கினவன், அப்படியே அவர் பின்னால் பத்தடி தள்ளி நின்றேன். நான் பஸ்ஸுக்குள் இல்லை. இதை இங்கேயே எழுதிவிடுகிறேன். முதல் தூண் ணங். இரண்டாவது ணங். மூன்றாவதில் சுத்தியல் பட்டதும் ஓட்டைப் பானையைத் தட்டின சத்தம். நான்காவது, ஐந்தாவது, ஆறாவது எல்லாம் அதே சத்தம். அண்ணி நிமிர்ந்து சிவப்பு வரியைப் பார்த்தார். அதிலிருந்து நீர் கசிந்துகொண்டிருந்தது.

கையைத் தூக்கவில்லை. நேராகத் தலைவரிடம் வந்தார்.

"சார், இன்னிக்கு வேணாம். நாலு தூணு விட்டுப் போயிருக்கு. ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு பாத்துட்டுப் போயிடலாம்."

"ஏம்மா, இந்தப் பாறை கோடிக்கணக்கான வருஷமா நிக்குது. இன்னிக்கு நம்ம வந்ததும் விழுந்துடுமா?"

"பாறை கோடி வருஷமா இருக்கு சார். அத அறுத்து ரோடு போட்டு நாப்பது வருஷந்தான் ஆகுது. அறுத்த நாள்லருந்துதான் கணக்கு."

பிள்ளைகளில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தலைவர் முகம் அந்தச் சிவப்பு வரி மாதிரி ஆகிவிட்டது.

"பசால்ட்டோட பலம் என்னன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் சார். பசால்ட்டுக்கு ஒண்ணும் இல்ல. அதுக்குக் கீழ இருக்கிறதுதான் கரையுது."

"உங்கள நான் பையத் தூக்கத்தான் கூட்டிட்டு வந்தேன். பாடம் நடத்த இல்ல. எல்லாரும் இறங்குங்கப்பா! பேனர விரிங்க!"

பிள்ளைகள் இறங்கினார்கள். பாவம், செய்முறை மதிப்பெண் அவர் கையில். முதல் நாலைந்து பேர் பாறைக்குக் கீழே போயே விட்டார்கள். அண்ணி அதைப் பார்த்தார். பிறகு விறுவிறுவென்று போய், இரண்டு பையன்கள் பிரித்துக்கொண்டிருந்த பேனரைப் பிடுங்கி, சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ்ஸைப் பார்த்து நடந்தார். ஓடக்கூட இல்லை. தலைவர் பின்னால் கத்திக்கொண்டு போனார். தலைவர் கத்திக்கொண்டு ஓடினால் பிள்ளைகள் சும்மா நிற்பார்களா? நாற்பத்திரண்டு பேரும் வேடிக்கை பார்க்கப் பின்னாலேயே ஓடிவந்தார்கள். பாறையடியில் ஒருத்தர் மிச்சமில்லை. அண்ணி பஸ்ஸில் ஏறி, முன்சீட்டில் பேனரைப் போட்டு அதன் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"எந்திரிம்மா!"

"முடியாது சார். முட்டி வலி."

"டிரைவர்! இவங்கள இறக்கி விடு!"

"அண்ணன் பெண்டாட்டி சார்," என்றேன். "கைய வைக்க முடியாது."

இஞ்சினைக் கிளப்பிவிட்டேன். அன்றைக்கு நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அது.

பேனர் இல்லை, படம் இல்லை. திங்கட்கிழமை அண்ணிக்கு மெமோ வந்தது. மேலதிகாரி உத்தரவை மீறினார், மாணவர் முன்னிலையில் அவமதித்தார், கல்லூரி உடைமையைப் பறித்தார். கடைசியாக, 'வீண் பீதியைக் கிளப்பிக் களப்பயணத்தைக் கெடுத்தார்.'

அண்ணி முதல் மூன்றையும் படித்துவிட்டுத் தலையை ஆட்டினார். "ஆமா, பண்ணேன்தான்." நான்காவதுக்கு வந்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். "வீணா?" என்றார். "நாலு தூணு தொப்புங்குது, இவரு வீணுங்குறாரு."

அந்த வாரக் கடைசியில் விசாரணை. முதல்வர் அறை, பெரிய மேசை, மேசைக்கு அந்தப் பக்கம் முதல்வரும் தலைவரும். பிள்ளைகளைக் கூப்பிடவில்லை. ஒரு பெண் தானாகவே எழுதிக் கொண்டுவந்து கொடுக்கப் பார்த்தது. அண்ணியே வாசலில் வைத்து அதைக் கையிலிருந்து வாங்கி மடித்து அதன் பையில் திணித்து, "போம்மா, மார்க்கு வந்தப்புறம் வீரம் காட்டு," என்று அனுப்பிவிட்டார். ஆக, சாட்சி என்று மிச்சம் இருந்தது நான்.

"அந்த அம்மா தட்டுனப்ப நீ பக்கத்துல இருந்தியா? ஏதாவது சத்தம் வித்தியாசமா கேட்டுச்சா?" என்று முதல்வர் கேட்டார்.

ஒன்பது வருடமாக நான் தற்காலிக டிரைவர். நிரந்தரம் ஆக்குகிற பட்டியல் அந்த மாதம்தான் தயாராகிக்கொண்டிருந்தது. பட்டியல் யார் மேசையில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும், அந்த மேசைக்கு முன்னால்தான் நின்றுகொண்டிருந்தேன். தலைவர் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"பஸ்ஸுக்குள்ள இருந்தேன் சார். ஒண்ணும் கேக்கல," என்றேன்.

அண்ணி என் பக்கத்தில்தான் நின்றார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நான் நிரந்தரம் ஆனேன். அந்தப் பொய்யைத் திருப்பி வாங்கிக்கொள்வதாக இந்த வருடம் மூன்று மனு கொடுத்துவிட்டேன். கோப்பு மேலே போயிருக்கிறதாம். மேலே என்றால் எங்கே என்று கேட்டால் மேலே இருக்கிற ஒருத்தருக்கும் தெரியவில்லை.

விசாரணை முடிந்த மூன்றாம் நாள், விடிகிற நேரத்தில் பாறை விழுந்தது. நான்கு தூண் என்று அண்ணி சொன்னார், ஏழு விழுந்திருந்தது. சாலையின் பாதியை மூடிவிட்டது. நல்ல வேளையாக வண்டி எதுவும் வரவில்லை. பால் வண்டிக்காரர் ஒருவர் பார்த்துத் தகவல் சொன்னாராம். நான் சாலைக்குப் போய்ப் பார்த்தேன். பேனர் பிடிக்க இருந்த இடத்தில் என் பஸ் உயரத்துக்குக் கல். நடுவில் நிற்க இருந்தவருக்கு வீட்டில் மூன்று பிள்ளைகள்.

செய்தி வந்ததும் அண்ணன் குதித்தார். "இப்ப என்ன சொல்லுவானுங்க? கால்ல வந்து விழுவானுங்க பாரு!" அண்ணி குதிக்கவில்லை. "யாருக்கும் அடி இல்லையே?" என்று மட்டும் இரண்டு முறை கேட்டார்.

யாரும் வந்து விழவில்லை. அடுத்த வாரம் உத்தரவு வந்தது. குற்றச்சாட்டுகள் நான்கும் நிரூபணமாகிவிட்டன, ஆய்வகத்திலிருந்து விடைத்தாள் கிடங்குக்கு மாற்றம், பணிப்பதிவேட்டில் பதிவு. அண்ணி நேராக முதல்வரிடம் போனார். நானும் போனேன், வாசலில் நின்றேன். நிற்பது மட்டும் எனக்கு நன்றாக வரும்.

"சார், பாறைதான் விழுந்துடுச்சே. இன்னும் வீண் பீதின்னு எழுதியிருக்கீங்க?"

"அது அப்புறம் விழுந்துதும்மா. சம்பவம் நடந்த தேதியில விழலையே. விசாரணை அந்தத் தேதிக்குத்தான்."

"அந்தத் தேதியில விழுந்திருந்தா?"

முதல்வர் அடுத்த தாளை எடுத்தார்.

"விழுந்திருந்தா என்னைப் பாராட்டியிருப்பீங்க. பாராட்டக் கேக்கத்தான் அங்க ஒருத்தரும் இருந்திருக்க மாட்டாங்க."

"உணர்ச்சிவசப்படாதீங்க. உங்க சொந்தக் கொழுந்தனாரே ஒண்ணும் கேக்கலன்னு சொல்லிட்டாரு. நான் என்ன பண்ணட்டும்?"

அண்ணி வெளியே வந்தார். என்னைப் பார்த்து, "வண்டி எடு, வீட்டுக்குப் போலாம்," என்றார். அவ்வளவுதான். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நான் தேறியிருப்பேன். மறுநாளும் எனக்குச் சேர்த்துத்தான் சாப்பாட்டு டப்பா கட்டினார். குழம்பில் உப்புக்கூடக் கூடவில்லை.

பிறகு தலைவர் ஆள் மூலம் ஒரு தூது விட்டார். 'பதற்றத்தில் தவறாக நினைத்துவிட்டேன், வருந்துகிறேன்' என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் பழையபடி ஆய்வகத்துக்கு வரலாம், பதிவையும் பார்த்துக்கொள்ளலாம். எனக்குத் தெரிந்து அவருக்கும் வேறு வழியில்லை. ஆய்வகத்தில் புதிதாகப் போட்ட ஆளுக்குக் கல்லைப் பற்றி ஒன்றும் தெரியாது. தலைவருக்குத் தெரிந்ததும் எண்தான். அந்த எண்ணும் மங்கிக்கொண்டே வந்தது.

அண்ணனுக்கு ஆசை. "ஒரு வரிதான? எழுதிக் கொடுத்துட்டு நிம்மதியா இரேன். கிடங்குல தூசிய மூச்சுல இழுத்துக்கிட்டு கெடக்கணுமா?"

"ஓடாத வாட்ச்ச ஓடுதுன்னு நீங்க எழுதிக் கொடுப்பீங்களா?"

"கொண்டு வர்றவன் அடம் புடிச்சா கொடுத்துத் தொலைப்பேன்."

"அதான் உங்க கடையில கூட்டமே இல்ல," என்றார் அண்ணி.

எழுதிக் கொடுக்கவில்லை. ஐந்து வருடம் கிடங்கில் இருந்தார். ஜன்னல் இல்லாத அறை, உத்தரத்தில் ஒரு குழல்விளக்கு, தரையிலிருந்து கூரை வரை விடைத்தாள் கட்டு. சணல் கயிற்றால் கட்டி, அட்டை மாட்டி, வருட வாரியாக அடுக்குவது வேலை. அதையும் ஒழுங்காகத்தான் செய்தார். ஆனால் கிடங்குச் சுவரைக்கூடத் தட்டிப் பார்த்து வைத்திருந்தார். "இந்த மூலை பொக்கு. பூச்சு உரியும் பாரு," என்று ஒரு தடவை என்னிடம் காட்டினார். நான் ஏதோ பேச வாயெடுத்தேன், அன்றைய விஷயத்தைத்தான். அவர் முந்திக்கொண்டார். "ஏன் தம்பி, காதுல ஏதாவது அடைப்பு இருந்தா டாக்டர்கிட்ட காட்டு." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கு அந்தச் சுவரிலேயே முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

இதற்கிடையில் சாலையைச் சீர்செய்து திறந்துவிட்டார்கள். தலைவர் பதவி உயர்ந்து வேறு கல்லூரிக்குப் போய்விட்டார். போகும்போது, அவர் காலத்தில் ஒரு மாணவருக்குக்கூடக் காயமில்லாமல் களப்பயணங்கள் நடந்தன என்று பாராட்டுப் பத்திரம் வாசித்தார்கள். நான் கைதட்டவில்லை. என் கைதட்டலுக்கு அங்கே யாரும் காத்திருக்கவும் இல்லை.

அண்ணி ஓய்வு பெற்ற நாளில் பணிப்பதிவேட்டின் நகல் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டினார். 'வீண் பீதியைக் கிளப்பிக் களப்பயணத்தைக் கெடுத்தார்.' முப்பது வருட வேலையில் அவரைப் பற்றி முழு வாக்கியமாக எழுதியிருந்தது அது ஒன்றுதான். மற்றதெல்லாம் தேதி, விடுப்பு, கையெழுத்து. "என்னைப் பத்தி எழுதினதே ஒரு வரி," என்றார். "அதுலயும் பொய்."

ஒரு வருடம் கழித்து நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் படுத்தார். கிடங்குத் தூசி பாதி, வயசு பாதி என்றார் மருத்துவர். பெண்கள் பகுதியில் கடைசிக் கட்டில். பத்து மணிக்குப் பார்வையாளரை விடுவார்கள். அன்றைக்கு அண்ணன் மருந்து வாங்கக் கீழே போயிருந்தார்.

"தம்பி, கதவச் சாத்து," என்றார் அண்ணி.

"இது வார்டு அண்ணி. கதவே இல்ல."

"அப்ப கிட்ட வா."

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"அன்னிக்கு நீ எங்க நின்ன?"

"உங்க பின்னாடி. பத்தடி தள்ளி."

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு அண்ணி. நாலும் கேட்டுச்சு."

கண்ணை மூடிக்கொண்டார். நான் துண்டால் முகத்தை மூடிக்கொண்டேன்.

"அழுவாத. பக்கத்துக் கட்டில்ல நான் போயிட்டேன்னு நெனச்சுக்கப் போறாங்க."

மூச்சு வாங்கிக்கொண்டார். பிறகு ஒவ்வொரு வார்த்தையாக, கட்டுக்கு அட்டை மாட்டுகிற மாதிரி நிதானமாகச் சொன்னார்.

"ஆபீசுக்குப் போயி உனக்குக் கேட்டுச்சுன்னு எழுதிக் கொடு. பதிவேட்டுல இருக்கிற அந்த வரிய முழுசா எடுக்கச் சொல்லாத. பிள்ளைங்கள நான் பயமுறுத்துனேன், அது நெசம். பயப்படட்டும்னுதான் பண்ணேன். மொத வார்த்தைய மட்டும் எடுக்கச் சொல்லு. வீணுன்னு இருக்கு பாரு, அது. நீ பக்கத்துலயே நில்லு, உன் கண்ணு முன்னாடி அடிக்கச் சொல்லு. பென்சில்ல அடிச்சுக் காட்டுவானுங்க. பேனாவுல அடிக்கச் சொல்லு."